ப்ளஃப் என்றால் ஏமாற்று இல்லை, உதார்

போக்கர் ஆட்டத்துக்குத் தமிழில் வர்ணனை சொல்பவர்களும் வசனவரி எழுதுபவர்களும் 'ப்ளஃப்' என்று வந்த இடத்திலெல்லாம் 'ஏமாற்று' என்று போட்டுவிடுகிறார்கள். கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. கொஞ்சம் பிசகிய சொல் என்று விட்டுவிடவும் முடியாது, பொருளே தலைகீழாகிறது.

டச்சு மொழியில் 'ப்ளஃபன்' என்றால் பீற்றிக்கொள்வது. 19ஆம் நூற்றாண்டில் அமெரிக்கச் சீட்டு மேசைகளில் இந்தச் சொல் ஊன்றிக்கொண்டது. போக்கருக்கே ஒரு காலத்தில் 'ப்ளஃப்' என்ற பெயர் இருந்தது. கையில் சரக்கு இல்லாமலே இருப்பதுபோல் பணம் கட்டி, எதிராளியைச் சீட்டைக் கவிழ்த்து விலக வைப்பதுதான் ப்ளஃப்.

சீட்டில் அடையாளம் வைப்பது, கட்டின் அடியிலிருந்து உருவிப் போடுவது, இருவர் கூட்டுச் சேர்ந்து மூன்றாமவரை மொட்டையடிப்பது: இவை ஏமாற்று. பிடிபட்டால் மேசையை விட்டு எழுப்பிவிடுவார்கள். ப்ளஃபுக்காக யாரையும் யாரும் எழுப்பியதில்லை. அது விதிக்குள் நடக்கும் ஆட்டம். இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்தால் திருடனும் திறமைசாலியும் ஒன்றாகிவிடுகிறார்கள்.

2003 உலகப் போக்கர் தொடரின் முதன்மைப் போட்டியில் கடைசி இருவராக கிறிஸ் மணிமேக்கரும் சாமி ஃபர்ஹாவும் மோதிய ஒரு ஆட்டத்தைப் பாருங்கள். மேசையில் இருவருக்கும் பொதுவாக இஸ்பேட் ஒன்பது, ஆறு, எட்டு. கூடவே டைமன் இரண்டு. மணிமேக்கரிடம் இஸ்பேட் ராஜாவும் ஒரு ஏழும். இன்னொரு இஸ்பேட் வந்தால் ஐந்தும் ஒரே இனமாகி ஃப்ளஷ், பத்தோ ஐந்தோ வந்தால் வரிசை. வந்தது ஆட்டின் மூன்று. ஒன்றுமில்லாத கையோடு மொத்தச் சில்லுகளையும் முன்னே தள்ளினார். ஃபர்ஹாவிடம் ஒன்பதில் ஒரு ஜோடி இருந்தது. ஃப்ளஷ் சேரவில்லை போலிருக்கிறதே என்று வாய்விட்டுக் கேட்டார், நெடுநேரம் யோசித்தார், கவிழ்த்துவிட்டார். இதில் யார் யாரை ஏமாற்றியது? பணம் கட்டிப் பார்க்கும் உரிமை கடைசிவரை ஃபர்ஹாவிடம்தான் இருந்தது.

'பாசாங்கு' என்பார்கள் சிலர். பரவாயில்லாத சொல்தான், ஆனால் அகலம் அதிகம். பலமான கையை வைத்துக்கொண்டு ஒன்றுமில்லாதவர்போல் பதுங்குவதும் பாசாங்குதானே? அது ப்ளஃபுக்கு நேர் எதிரான உத்தி. 'பாசாங்கு' அதற்கு இருக்கட்டும். 'பொய்' பொருந்தாது; மேசையில் பேசுவது சில்லு, வாய் இல்லை.

எஞ்சுவது நம்மிடம் ஏற்கெனவே புழங்கும் 'உதார்'. உள்ளே ஒன்றுமில்லாமல் வெளியே பலம் காட்டுவதற்கு இதைவிடக் கச்சிதமான சொல் இல்லை. டச்சு மூலத்தின் பீற்றலும் இதில் அப்படியே உட்கார்ந்திருக்கிறது. வினையும் தயார்: உதார் விட்டார், உதாரை உடைத்தார். இப்போதைக்கு வெறுங்கை, அடுத்த சீட்டில் தேறலாம் என்ற நிலையில் பணம் கட்டுவதை 'அரை உதார்' என்றால் விளக்கமே வேண்டாம். தெருப்பேச்சு என்று முகம் சுளிப்பவர்களுக்கு ஒன்று சொல்வேன்: ப்ளஃபும் சீட்டு மேசையிலிருந்து எழுந்து வந்த சொல்தான். 2022 செப்டம்பரில் புதின் அணு ஆயுதத்தைக் குறிப்புணர்த்திப் பேசி, இது ப்ளஃப் இல்லை என்றார். 'இது ஏமாற்று அல்ல' என்று எழுதினால் சப்பென்று இருக்கிறது. 'இது வெறும் உதார் இல்லை' என்றால்தான் அந்த மிரட்டல் காதில் விழுகிறது.

மொழிபெயர்ப்பவர்கள் ஆட்டத்தை ஒருமுறையாவது முழுதாகப் பார்த்துவிட்டு எழுத உட்கார வேண்டும். சீட்டைக் கவிழ்த்தவரை, ஆங்கில 'ஃபோல்ட்'டை அப்படியே பெயர்த்து, 'மடித்தார்' என்கிறார்கள். எதை மடித்தார், வேட்டியையா? ஐந்தாவது பொதுச் சீட்டான ரிவரை 'நதி' ஆக்கி, 'நதியில் தோற்றார்' என்றும் எழுதுகிறார்கள். 'கடைசிச் சீட்டில் தோற்றார்' என்று எழுத அகராதியைப் புரட்டவே வேண்டியதில்லை.