ஏடிவி வாங்குமுன் கேட்க வேண்டியது: எவ்வளவு மெதுவாகப் போகும்?

ஏடிவி, அதாவது கரடுமுரடான நிலத்தில் ஓடும் நாலு சக்கர வண்டி, வாங்குகிறவர்கள் முதலில் கேட்பது எத்தனை சிசி, டாப் ஸ்பீடு எவ்வளவு என்பதுதான். எனக்கென்னவோ எவ்வளவு மெதுவாகப் போகும் என்று கேட்பதுதான் புத்திசாலித்தனம் என்று படுகிறது. அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் பண்ணைகளில் இந்த வண்டி செய்யும் வேலையைப் பாருங்கள்: வெட்டிய மரத்தை இழுப்பது, டிரெய்லரில் தீவனம் கொண்டுபோவது, குளிர் நாடென்றால் பனி தள்ளுவது. பெரும்பாலும் எல்லாமே நடை வேகம்.

ஒரு கணக்கு போடலாம். 25 அங்குல டயர் ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 2 மீட்டர் உருளும். மணிக்கு 5 கிலோமீட்டர் போக சக்கரம் நிமிடத்துக்கு 42 சுற்று சுற்றினால் போதும், ஆனால் இன்ஜின் 4,000 சுற்றிலாவது இருந்தால்தான் பாரம் இழுக்கும் என்று வையுங்கள். நடுவில் 95 மடங்கு குறைக்க வேண்டும். அதே வண்டி 80 கிலோமீட்டரில் ஓடும்போது, இன்ஜின் 7,000 சுற்றில் இருந்தால், பத்தரை மடங்கு போதும். இரண்டுக்கும் நடுவே ஒன்பது மடங்கு வித்தியாசம்.

சுசூகி 1991-இல் கிங் குவாட் 300-இல் இதற்குக் கண்ட வழி முரட்டு வழி: 5 கியர், அதற்கு மேல் ஹை, லோ, சூப்பர் லோ என்று 3 ரேஞ்ச், ஆக முன்னோக்கி மட்டும் 15. அதற்கு முன்பே, 1985-இல், பனியில் ஓடும் ஸ்னோமொபைல் வண்டிகளைச் செய்துகொண்டிருந்த போலாரிஸ் அந்த வண்டிகளின் பெல்ட் டிரைவை டிரெயில் பாஸ் ஏடிவியில் வைத்துவிட்டது. கியர் மாற்றாமலேயே விகிதம் தானாக மாறும் இந்த பெல்ட் டிரைவுக்கு சிவிடி என்று பெயர். இன்றைக்குப் பெரும்பாலான ஏடிவிகளில் இருப்பது இதுதான். நம் ஊர் ஸ்கூட்டரில் இருப்பதும் இதே குடும்பம்.

இரண்டு கப்பி, நடுவில் ஒரு ரப்பர் பெல்ட். முன் கப்பி இன்ஜினோடு சுற்றும். அதிலுள்ள எடைகள் சுற்று கூடக்கூட வெளியே தள்ளப்பட்டு, கப்பியின் இரு பக்கத் தட்டுகளையும் நெருக்கி பெல்ட்டைப் பிடிக்கும். இந்தப் பிடி சுற்றின் வர்க்கத்தோடு ஏறும் என்பதுதான் விஷயமே. பெல்ட்டும் கப்பியும் மட்டும் பொதுவாக நாலு, நாலரை மடங்கு வித்தியாசத்தைத்தான் தரும், ஒன்பது மடங்குக்குப் போதாது. அதனால் பின்னால் ஹை, லோ என்று ஒரு சின்ன கியர்பாக்ஸ். ஹையில் போட்டுக்கொண்டு நடை வேகத்தில் பாரம் இழுத்தால் இன்ஜின் 2,000 சுற்றுப் பக்கம்தான் ஓடும், முன் கப்பிக்குப் பிடி பத்தாது, பெல்ட் வழுக்கும், சூடேறும். அதிக நேரம் இப்படிப் போனால் ரப்பர் கருகும் நாற்றம் வரும், கழற்றிப் பார்த்தால் பெல்ட்டின் பக்கவாட்டில் ஒரே இடம் பளபளவென்று தேய்ந்திருக்கும். லோவில் போட்டால் அதே வேகத்துக்கு இன்ஜின் சுற்று இரட்டிப்பு, எடைகளின் தள்ளல் ஏறக்குறைய நான்கு மடங்கு, பெல்ட் தாங்க வேண்டிய பாரமோ பாதி. லீவரை ஒரு நாட்ச் தள்ளியதற்கு இவ்வளவு லாபம்! ஆனாலும் லோ என்றால் சேற்றில் மாட்டினால் மட்டும் போடுவது என்று நினைப்பவர்கள் ஏராளம்.

இறக்கத்தில் வேறு சிக்கல். சாதாரண சிவிடியில் சுற்று குறைந்தால் முன் கப்பி திறந்துகொள்ளும், பெல்ட் தளரும், வண்டி நியூட்ரலில் விட்டது போல ஓடும். இன்ஜின் பிடித்து நிறுத்தாது. யமஹாவின் அல்ட்ராமேட்டிக் என்ற சிவிடியில் பெல்ட் எப்போதும் இறுக்கமாகவே இருக்கும், விடுவதும் பிடிப்பதும் எண்ணெயில் ஓடும் தனி கிளட்ச்சின் வேலை, கூடவே ஒருவழி பேரிங் ஒன்று, இறக்கத்தில் சக்கரத்தை இன்ஜினோடு கட்டிப்போட. செங்குத்தான மலைப் பக்கம் இருப்பவர்கள் குதிரைத்திறனை விட இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். ஹோண்டாவோ பெரும்பாலும் பெல்ட் பக்கமே போகாமல் பல் சக்கரத்தையே நம்பியது. தண்ணீருக்குள் இறங்குகிறவர்களுக்கு அது நிம்மதி, ஏனென்றால் சிவிடி பெட்டிக்குள் நீர் புகுந்தால் பெல்ட் வழுக்க ஆரம்பித்துவிடும். நீரை வடித்துவிட்டு, நியூட்ரலில் வைத்து இன்ஜினை முடுக்கிக் காயவைக்க வேண்டியதுதான்.

அப்புறம், டயர். 25 அங்குலத்தை எடுத்துவிட்டு 28 மாட்டினால் கம்பீரமாக இருக்கும், ஆனால் சக்கரத்தின் இழுவை 11 சதவீதம் போலக் குறையும், கியரில் கைவைக்காமலேயே. செயின் ஓட்டும் ஸ்போர்ட் வண்டியில் முன் ஸ்ப்ராக்கெட்டை 14 பல்லிலிருந்து 13 ஆக்கினால் இதில் பெரும்பகுதி திரும்பக் கிடைக்கும். சிவிடியில் அது நடக்காது. கப்பியின் எடைகளையும் ஸ்பிரிங்கையும் மாற்றலாம், அது இன்ஜினை வேறு சுற்றில் நிறுத்துமே தவிர லோவின் கியரை மாற்றாது. அதற்கு கியர்பாக்ஸைத்தான் பிரிக்க வேண்டும்.