காதுகேளாமைச் சான்று: பரிசோதனையில் கூட்டிச் சொல்லாதீர்கள்

காதுகேளாமைக்குச் சான்று வாங்கப் போகிறவர் முதலில் ஒரு கணக்கைத் தெரிந்துகொள்ள வேண்டும். நன்றாகக் கேட்கும் காதின் இழப்புச் சதவீதத்தை 5-ஆல் பெருக்கி, மோசமான காதின் சதவீதத்தை அதோடு கூட்டி, 6-ஆல் வகுப்பார்கள். ஒரு காது சுத்தமாகக் கேட்காது, 100 சதவீதம். மற்றது நல்ல காது என்றால், மொத்தம் 17 சதவீதத்தைக்கூடத் தொடாது. பெரும்பாலான சலுகைகளுக்கும் அரசு வேலை இடஒதுக்கீட்டுக்கும் 40 சதவீதம் வேண்டும். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி இரண்டு காதிலும் பேச்சு அலைவரிசையில் 60 முதல் 70 டெசிபல் இழப்பு இருந்தால் கேட்கும் திறன் குறைந்தவர். 70 டெசிபல் இழப்பு இருந்தால் காதுகேளாதவர்.

இந்த இடத்தில்தான் பலர் தடுமாறுகிறார்கள். டெல்டாவில் வருஷக்கணக்காகத் தவில் வாசித்தவர்கள், அரவை மில்லில் நின்றவர்கள் உண்டு. இரைச்சலால் வரும் இழப்பு முதலில் 4000 ஹெர்ட்ஸ் பக்கம், அதாவது கீச்சென்ற ஒலிகளைக் கேட்கும் திறனைத்தான் அரிக்கும். பேச்சு காதில் விழும், புரியாது. கஷ்டம் நிஜம், ஆனால் சராசரி எண் சிறியதாக வரும். "கொஞ்சம் கூட்டிச் சொல்லு, அப்பத்தான் அட்டை கிடைக்கும்" என்று யாராவது சொல்லிக்கொடுப்பார்கள். தயவுசெய்து கேட்காதீர்கள்.

ஆடியோகிராம் எடுக்கும்போது சத்தம் கேட்டால் கை தூக்க வேண்டும். அது உங்கள் பதிலை நம்பி நடக்கும் பரிசோதனை. ஆனால் அதோடு முடிவதில்லை. மெல்லச் சொல்லும் வார்த்தைகளைத் திருப்பிச் சொல்லச் சொல்வார்கள். 80 டெசிபலுக்குக் கீழே எதுவும் கேட்கவில்லை என்றவர் 40 டெசிபலில் வார்த்தையைச் சரியாகச் சொன்னால் கணக்கு உதைக்கும். ஒரு காது மட்டும் கேட்காது என்பவருக்கு ஸ்டெங்கர் சோதனை உண்டு. ஒரே ஒலியை இரண்டு காதிலும் ஒன்றாக விட்டால், அதிகமாகக் கேட்கும் பக்கம் மட்டும்தான் நமக்குத் தெரியும். கேளாத காதில் பலமாகவும் நல்ல காதில் மெதுவாகவும் விடுவார்கள். நிஜமாகவே கேளாதவர் நல்ல காதில் கேட்டுக் கை தூக்குவார். நடிப்பவருக்கு ஒலி 'கேளாத' காதில் மட்டும் கேட்கும், அதனால் தூக்கமாட்டார்.

அப்புறம் பெரா (BERA) என்ற சோதனை. நெற்றியிலும் காதுக்குப் பின்னாலும் மின்முனை ஒட்டி, ஒலிக்கு நரம்பும் மூளைத்தண்டும் தரும் மின்னலையைப் பதிவு செய்வார்கள். தூங்கினாலும் பதிவாகும், இதில் கை தூக்கும் வேலையே இல்லை.

எண்கள் ஒத்துவரவில்லை என்றால் உடனே பொய் என்று முத்திரை குத்துவதும் தவறு. பயம், கவனக்குறைவு, சொன்னது புரியாதது எல்லாம் காரணமாகலாம். பள்ளிப் பிள்ளைகளுக்கு மன அழுத்தத்தாலேயே கேட்காததுபோல் ஆவதுண்டு. அது நடிப்பு அல்ல. அடிக்காமல், பள்ளியில் என்ன நடக்கிறது என்று விசாரியுங்கள். செவி நரம்புக் கோளாறில் ஓ.ஏ.இ. (ஒலிக்கு உள்காது திருப்பி அனுப்பும் மெல்லிய ஒலியைப் பதிவு செய்யும்) சோதனை சரியாக இருந்தும் பெரா கெட்டிருக்கும். ஒரே சோதனையை வைத்து யாரையும் முடிவு கட்டக்கூடாது.

உண்மையிலேயே கேளாதவர் மிகைப்படுத்தினால் அவருக்கே நஷ்டம். மறுபடி மறுபடி வரச்சொல்வார்கள், சான்று தள்ளிப்போகும். ஏமாற்றிச் சலுகை பெற்றால், பெற முயன்றாலும்கூட, அதே 2016 சட்டத்தின் பிரிவு 91-ன்படி 2 ஆண்டு வரை சிறை, 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அரசு வேலையில் காதுகேளாதோருக்கு ஒதுக்கியது 1 சதவீதம்தான். அதில் ஒன்றைப் பொய்யாக எடுத்தால் நிஜமாகக் கேளாத ஒரு பிள்ளையின் இடம் போகிறது.

போவதற்கு முன் காதில் குறும்பியோ சீழோ இருந்தால் சரிசெய்துகொள்ளுங்கள். ராத்திரி மேளம் வாசித்துவிட்டுக் காலையில் போகாதீர்கள். காது தற்காலிகமாக மந்தமாகியிருக்கும். முகூர்த்த நாள் தாண்டி தேதி கேளுங்கள். மிக மெல்லிய ஒலிக்கும் கை தூக்குங்கள். ஆடியோகிராம், பெரா நகல்களை வாங்கி வையுங்கள். முடிவு தவறென்று பட்டால் 90 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம். அதற்கு இந்தத் தாள்கள்தான் கைகொடுக்கும்.