பாழ்வீட்டின் அழகெல்லாம் தண்ணீரின் வேலை

செட்டிநாட்டில் கானாடுகாத்தான், பள்ளத்தூர் பக்கம் பூட்டிக் கிடக்கும் பெரிய வீடுகளைப் படமெடுக்க வருகிறவர்கள் இப்போது அதிகம். கல்யாணத்துக்கு முந்தைய படப்பிடிப்பு என்று பட்டுச்சேலையோடு வந்து நிற்கிறார்கள். பழைய கட்டடங்களின் உறுதியைச் சோதித்துச் சொல்வது என் தொழில். அவர்கள் ‘அடடா’ என்று சொல்லும் ஒவ்வொரு இடமும் எனக்கு ஒரு நோயின் அறிகுறியாகத் தெரிகிறது. அழகை நான் மறுக்கவில்லை. சிதைந்த வளவில், அதாவது வீட்டு நடுமுற்றத்தில், சாயங்கால வெயில் விழும்போது எனக்கும் கொஞ்ச நேரம் வேலை ஓடாது.

ஆனால் அந்த வெயில் எப்படி உள்ளே வந்தது? கூரையில் ஓட்டை விழுந்ததால்தானே.

இந்த வீடுகளின் தட்டையான கூரைகள் பெரும்பாலும் மெட்ராஸ் டெரஸ். தேக்குக் கட்டைகளை நெருக்கமாக வைத்து, அவற்றின்மேல் மெல்லிய செங்கற்களைக் குத்துவாட்டில், மூலைவாக்காகச் சுண்ணாம்புக் காரையில் பதிப்பார்கள். அதற்கு மேல் செங்கல் சல்லியும் சுண்ணாம்பும் கலந்து கொட்டி, நாள் கணக்கில் கட்டையால் தட்டி இறுக்கி, கடைசியில் தட்டோடு என்ற தட்டையான ஓடுகளைப் பதிப்பார்கள். பராமரித்தால் நூறு வருஷத்தைத் தாண்டியும் நிற்கும். தட்டோட்டில் ஒரு விரிசல் விழுந்து, அதை யாரும் பூசாமல் விட்டால் கதை மாறுகிறது. சல்லிக் காரை தண்ணீரைக் குடித்துக் கனக்கும். அந்தக் கனத்தைத் தாங்கும் கட்டையின் முனை சுவருக்குள் சில அங்குலம் புதைந்திருக்கும். ஓதம் ஏறுவதும் அங்கேதான், கரையான் வருவதும் அங்கேதான். கீழிருந்து பார்த்தால் கட்டை பளபளவென்று இருக்கும். முனையில் திருப்புளியை வைத்து அழுத்தினால் கைப்பிடி வரை இறங்கும். மாடியில் ஏறி நின்று படமெடுக்க நினைப்பவர்கள் இதை மட்டுமாவது மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

சுவரைப் பிளந்து படர்ந்த அரசமர வேர்தான் எல்லோரும் விரும்பும் படம். பறவை எச்சத்தில் வந்த விதை, ஈரமான சுண்ணாம்பு இணைப்பில் முளைத்தது அது. கன்றாக இருக்கும்போதே வேரோடு எடுத்திருந்தால் அரை மணி வேலை. முற்றிய பிறகு சுவரைப் பிளந்ததும் அதே வேர்தான், பிளந்ததைக் கட்டிப் பிடித்திருப்பதும் அதே வேர்தான். ‘இடைஞ்சலாக இருக்கிறது’ என்று யாராவது வெட்டி இழுத்தால் சுவரும் கூடவே வரும். சுவரின் அடியில் வெள்ளையாகப் பூத்திருக்கும் உப்பு, தரையிலிருந்து ஈரம் ஏறுகிறது என்பதற்குச் சாட்சி. பிற்காலத்தில் சிமெண்ட் பூசிய சுவர்களில் இது இன்னும் மோசம். சுண்ணாம்பு வெளியே விட்டுவிடும் ஈரத்தைச் சிமெண்ட் உள்ளேயே அடைத்துவிடும்.

காங்கிரீட் பாழ்கட்டடம் வேறு ரகம். உள்ளே கம்பி துருப்பிடிக்கும்போது பல மடங்கு பருத்து, மேலிருக்கும் காங்கிரீட்டைப் பாளம் பாளமாகத் தள்ளும். தளத்தின் அடியில் நேர்கோடாகப் பழுப்பு விரிசல் ஓடினால் அதன் கீழே நிற்காதீர்கள்.

தனுஷ்கோடியையும் சொல்லியாக வேண்டும். 1964 டிசம்பர் புயலில் அழிந்த ஊர் அது. அங்கே இடிந்து நிற்கும் தேவாலயத்தின் பவளக்கல் சுவர்களில் முதுகைச் சாய்த்துப் படமெடுக்கிறார்கள். கூரை போன சுவருக்கு மேலே பிடிமானம் கிடையாது; உப்புக் காற்று காரையைத் தின்றுகொண்டே இருக்கிறது. அங்கே செத்தவர்களை நினைத்தாவது கொஞ்சம் தள்ளி நிற்கலாம்.

செட்டிநாட்டு வீடுகள் பாழானதற்கு நல்ல கட்டுமானம் இல்லாததா காரணம்? 1942இல் பர்மா ஜப்பானியர் கைக்குப் போனது, பிறகு 1960களில் அங்கே தேசியமயம். அங்கே கொண்டுவிக்க, அதாவது தொழில் செய்ய, போன செட்டியார்களின் வருமானம் அற்றுப்போனது. வாரிசுகள் சென்னை, சிங்கப்பூர் என்று பிரிந்தார்கள். ஒரு வீட்டுக்குப் பல புள்ளிகள், அதாவது பங்குள்ள குடும்பங்கள். கூரை பூச எல்லாப் பங்காளியும் சம்மதிக்க வேண்டும். ஒரு சின்ன ஒழுக்கு பல வருஷம் காத்திருப்பது இப்படித்தான். மனசு வைத்தால் மீட்க முடியும் என்பதற்குச் சேப்பாக்கம் அரண்மனையின் ஹுமாயூன் மஹாலே போதும். கூரை சிதைந்து கிடந்த அதைப் பொதுப்பணித் துறை பழைய முறையிலேயே சீர்செய்தது.

உள்ளே போகத்தான் வேண்டுமென்றால், உரிமையாளரிடம் கேட்டுக்கொண்டு, கோடையில், பகலில், ஆள் துணையோடு போங்கள். மழை விட்ட மறுநாள் வேண்டாம். ஊறிய சுவர் பிறகும் சரியும். வௌவால் எச்சம் குவிந்த அறையில் தூசியைக் கிளப்பாதீர்கள், நுரையீரலைப் பாதிக்கும் பூஞ்சை அதில் இருக்கலாம். புதர் மண்டிய கொல்லையில் கைப்பிடிச் சுவர் இல்லாத கிணறு இருக்கும். காமிராவைப் பார்த்தபடி பின்னால் நடக்காதீர்கள்.

பூட்டிய வீட்டுச் சாவியை வைத்திருக்கிற பங்காளிகளுக்கு: ஐப்பசி மழைக்கு முன்னால் ஒரு கொத்தனாரை மாடிக்கு ஏற்றுங்கள். மழைநீர்க் குழாயில் அடைத்த சருகை எடுக்கட்டும், முளைத்த கன்றைப் பிடுங்கட்டும், தட்டோட்டு விரிசலைச் சுண்ணாம்பால் அடைக்கட்டும். இதற்கு எல்லாப் புள்ளிகளின் கையெழுத்தும் வரும்வரை காத்திருக்க வேண்டாம்.