120 கிலோமீட்டர் காற்றும் இரண்டு மணி நேர மழையும்

மொரிஷியஸில் வளர்ந்த யாரிடமும் "க்ளாஸ் த்ருவா" என்று சொன்னால் போதும். வாளி வாளியாகப் பிடித்து வைத்த தண்ணீர், மெழுகுவர்த்தி, டின் மீன், பேட்டரி போட்ட ரேடியோ எல்லாம் வரிசையாக நினைவுக்கு வந்துவிடும். மூன்றாம் வகுப்புப் புயல் எச்சரிக்கை அது. பஸ் நிற்கும், கடை மூடும், நாடே கதவைச் சாத்திக்கொள்ளும். ஆனால் இத்தனை வருடம் இதோடு வாழ்ந்த பிறகும், வகுப்பு எண் ஏற ஏறப் புயல் பலமாகிறது என்றுதான் பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. புயலின் பலத்தைப் பற்றி அந்த எண் எதுவும் சொல்வதில்லை, அது நேரத்தைச் சொல்கிறது.

எல்லாக் கணக்கும் 120 என்ற ஒரே எண்ணிலிருந்து பின்னோக்கிப் போகிறது. மணிக்கு 120 கிலோமீட்டர் வேகத்தில் காற்று வீசத் தொடங்கும் நேரத்தை வாக்வாவில் இருக்கும் வானிலை நிலையம் கணிக்கிறது. அதற்கு 36 முதல் 48 மணி நேரம் முன்னால் முதல் வகுப்பு. 12 மணி நேரப் பகல் வெளிச்சம் கையில் இருக்கும்படி இரண்டாவது. 6 மணி நேரப் பகல் வெளிச்சம் இருக்கும்படி மூன்றாவது. 120 கிலோமீட்டர் காற்று உண்மையிலேயே பதிவாகி, இன்னும் தொடரும் என்றால் நான்காவது.

"பகல் வெளிச்சம்" என்ற அந்தச் சொல்லை ஒருமுறை கவனியுங்கள், இந்த முழு ஏற்பாட்டிலும் எனக்கு மிகவும் பிடித்த இடம் அதுதான். காற்று விடியற்காலை மூன்று மணிக்கு வரப்போகிறது என்று வைத்துக்கொள்வோம். ஆறு மணி நேரம் முன்னால் என்றால் இரவு ஒன்பது மணிக்குச் சொன்னால் போதும், இல்லையா? ஆனால் ராத்திரி ஒன்பது மணிக்குக் கூரையில் ஏறி யாரால் ஆணி அடிக்க முடியும்? கோடையில் இங்கே சூரியன் ஏழு மணிவாக்கில் மறைகிறது, அதனால் மதியம் ஒரு மணிக்கெல்லாம் மூன்றாம் வகுப்பு வந்தாக வேண்டும். ஆணி அடிப்பவனின் கண்ணுக்கு வெளிச்சம் வேண்டும் என்பதை யோசித்துப் போட்ட விதி அது.

சரி, இதில் சிக்கல் எங்கே? தீவு ரொம்பச் சின்னது. நீளம் சுமார் 65 கிலோமீட்டர், அகலம் 45. புயலின் பாதையை ஒரு நாள் முன்னால் கணிக்கும்போது பல பத்து கிலோமீட்டர் பிழை வருவது இன்றைக்கும் சாதாரணம். அதாவது கணிப்பில் வரும் பிழையே தீவின் அளவுக்கு இருக்கிறது. புயலின் கண் தீவின் மேலேயே வரலாம், கொஞ்சம் விலகிக் கடலோடு கடலாகவும் போய்விடலாம், ஒரு நாள் முன்னால் இரண்டுக்கும் இடையில் பெரிய வித்தியாசம் தெரியாது. பெரிய நாடு என்றால் ஒரு மாவட்டத்தை மூடிவிட்டு மற்றதை ஓட விடலாம். இங்கே மூடினால் மொத்த நாட்டையும் மூட வேண்டும், ஒரு நாள் உற்பத்தி அப்படியே போகும். மூடிய பிறகு புயல் வராமல் போனால் மக்களுக்குக் கோபம், மூடாமல் விட்டு வந்துவிட்டால் உயிர் போகும். எச்சரிக்கை கொடுப்பவர்கள் ஒவ்வொரு முறையும் இந்தக் கத்தி முனையில்தான் நிற்கிறார்கள்.

இப்போது 1960-க்குப் போவோம். ஜனவரியில் அலிக்ஸ் புயல், பிப்ரவரி கடைசியில் கரோல் புயல். கரோலில் காற்று மணிக்கு 256 கிலோமீட்டரைத் தொட்டது. என் பாட்டி சொன்ன கரோல் கதையில் காற்றை விட எனக்கு மனதில் நிற்பது நடுவில் வந்த அமைதிதான். புயலின் கண் தீவின் மேலே வந்தபோது காற்று சட்டென்று நின்றுவிட்டது, ஆட்கள் வெளியே வந்து பறந்து போன தகரத்தைப் பொறுக்க ஆரம்பித்தார்கள், அப்புறம் எதிர்த் திசையிலிருந்து காற்று திரும்ப வந்தது. கண்ணைச் சுற்றிக் காற்று வட்டமாகச் சுழல்வதால் ஒரு பக்கம் அடித்த காற்று மறுபக்கம் வரும்போது திசை மாறித்தான் அடிக்கும். அதனால்தான் இப்போதெல்லாம் காற்று நின்றாலும் எச்சரிக்கையை விலக்கும் அறிவிப்பு வரும்வரை வெளியே வராதே என்று ரேடியோவில் கத்திக்கொண்டே இருக்கிறார்கள்.

தகரக் கூரை ஏன் பறக்கிறது என்பதைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். காற்றின் அழுத்தம் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்து ஏறும், வேகம் இரண்டு மடங்கானால் அழுத்தம் நான்கு மடங்கு. 120 கிலோமீட்டரில் ஒரு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 70 கிலோ எடைக்குச் சமமான விசை. கரோலின் 256 கிலோமீட்டரில் அது 300 கிலோவைத் தாண்டிவிடும். கூரையின் மேல் காற்று வேகமாக ஓடும்போது அங்கே அழுத்தம் குறைந்து கூரை மேல்நோக்கி உறிஞ்சப்படுகிறது, ஓரங்களிலும் மூலைகளிலும் இந்த இழுப்பு இன்னும் அதிகம். தகரத்தின் எடையோ சதுர மீட்டருக்கு ஐந்து கிலோ அளவுதான், அதைப் பிடித்திருப்பது வெறும் ஆணி. அதே இடத்தில் 15 சென்டிமீட்டர் கான்கிரீட் தளம் போட்டால் சதுர மீட்டருக்கு சுமார் 360 கிலோ. தன் எடையாலேயே பெரும்பாலும் தாக்குப்பிடித்துவிடும்.

கரோலுக்குப் பிறகு அரசு வரிசை வரிசையாகக் கான்கிரீட் வீடுகள் கட்டிக் கொடுத்தது, அந்த "சித்தே"க்கள் இன்றும் இருக்கின்றன. ஜனங்களும் காசு சேர்ந்ததும் முதலில் செய்த காரியம் "லகாஸ் பெத்தோன்", அதாவது கான்கிரீட் வீடு கட்டியதுதான். 1892 ஏப்ரல் புயலில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், 1960 கரோலில் 42 பேர். அதற்குப் பிறகு 1975-இல் ஜெர்வேஸ் 280 கிலோமீட்டர் வேகத்தில் அடித்தது, 2002-இல் தினா வந்தது, தீவு நின்றது. காற்றுக்கு எதிராகப் போட்ட திட்டம் ஜெயித்தது என்று தைரியமாகவே சொல்லலாம்.

அப்புறம் 2013 மார்ச் 30 வந்தது. ஈஸ்டருக்கு முந்தைய சனிக்கிழமை, புயல் எதுவும் இல்லை, எந்த வகுப்பும் அறிவிக்கப்படவில்லை. தலைநகர் போர்ட் லூயிஸில் இரண்டு மணி நேரத்துக்கும் குறைவாக 152 மில்லிமீட்டர் மழை கொட்டியது. 11 பேர் இறந்தார்கள். அவர்களில் ஆறு பேர் துறைமுகத்தை ஒட்டிய கோதான் கடைப்பகுதி அருகே பாதசாரிகள் போகும் சுரங்கப்பாதையில்.

152 மில்லிமீட்டர் என்றால் ஒரு ஜாண் கூட இல்லையே என்று தோன்றும். ஒரு சதுர கிலோமீட்டரில் அது 15 கோடி லிட்டருக்கு மேல். போர்ட் லூயிஸ் மலைகளுக்கு நடுவே ஒரு கிண்ணம் மாதிரி உட்கார்ந்திருக்கிறது, பின்னால் லெ பூஸ் மலை 812 மீட்டர் உயரம், அங்கிருந்து துறைமுகம் ஐந்து கிலோமீட்டர் அளவுதான். சரிவில் நொடிக்கு இரண்டரை மீட்டர் வேகத்தில் தண்ணீர் ஓடினாலும் அரை மணி நேரத்தில் கீழே வந்துவிடும். மண்ணாக இருந்தால் கொஞ்சமாவது குடித்துக்கொள்ளும். ஆனால் எங்கே மண்? தாரும் கான்கிரீட்டும்தான். காற்றிலிருந்து எங்களைக் காப்பாற்றிய அதே கான்கிரீட் தண்ணீருக்கு வழுக்குப் பாதை போட்டுக் கொடுத்தது. இதைச் சொல்லும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது, ஏனென்றால் யாரும் தப்பு செய்யவில்லை, அவரவர் வீட்டைப் பத்திரமாகக் கட்டினார்கள், அவ்வளவுதான்.

எங்கள் எச்சரிக்கைக் கடிகாரம் காற்றுக்காகச் செய்தது. மழைக்கு என்று இருந்த அளவுகோலே 12 மணி நேரத்துக்குள் 100 மில்லிமீட்டர் என்பதுதான். இரண்டு மணி நேர மழைக்கு அது எங்கே பொருந்தும்? அந்த வருடமே தேசியப் பேரிடர் மையம் ஒன்று அமைக்கப்பட்டது, 2016-இல் தனிச் சட்டம் வந்தது, 2017-இல் வடிகாலுக்கென்றே ஒரு ஆணையம். ஜப்பான் உதவியோடு ட்ரூ ஒ செர்ஃப் என்ற பழைய எரிமலை மேட்டில் டாப்ளர் ராடார் வைத்தார்கள். அது அனுப்பும் அலை மழைத்துளிகளில் பட்டுத் திரும்பும்போது மழை எவ்வளவு அடர்த்தி என்பது தெரிகிறது, அலையின் அதிர்வெண்ணில் வரும் சிறு மாற்றத்தை வைத்து மழை நம்மை நோக்கி வருகிறதா, விலகுகிறதா என்பதும் தெரிகிறது. ஆனாலும் 2024 ஜனவரி 15, பெலால் புயல் அன்று காலையில் பலர் வழக்கம்போல் வேலைக்குப் போயிருந்தார்கள், சில மணி நேரத்தில் போர்ட் லூயிஸ் தெருக்களில் கார்கள் மிதந்தன. காற்றைப் பார்த்துக்கொண்டிருந்தபோது தண்ணீர் முந்திக்கொண்டது.

ஆகவே திட்டம் போடுபவர்கள் ஆபத்தை மூன்றாகப் பிரித்துப் பார்க்கிறார்கள்: என்ன வரப்போகிறது, அது வரும் வழியில் யார் இருக்கிறார்கள், அவர்கள் எவ்வளவு தாங்குவார்கள். முதலாவதை நம்மால் நிறுத்த முடியாது. மற்ற இரண்டும் நம் கையில். வெள்ள வரைபடத்தில் "நூறு வருடத்துக்கு ஒருமுறை" என்று போட்டிருக்கும் இடத்தில் வீடு கட்டுகிறவர்கள் நம் காலத்தில் வராது என்று நினைக்கிறார்கள். அதன் அர்த்தம் ஒவ்வொரு வருடமும் நூற்றில் ஒரு வாய்ப்பு என்பதே. 30 வருடக் கடன் போட்டு வீடு வாங்கினால், கடன் முடிவதற்குள் ஒரு முறையாவது அந்த வெள்ளம் வர 26 சதவீத வாய்ப்பு இருக்கிறது, கிட்டத்தட்ட நான்கில் ஒன்று.

இரண்டாவது கேள்வி, யார் இருக்கிறார்கள் என்பது, காலண்டரோடு மாறும். இதை வெளியூர் நிபுணர்கள் சட்டென்று பிடிக்க மாட்டார்கள். தைப்பூசம் ஜனவரி, பிப்ரவரியில் வருகிறது, மகா சிவராத்திரி பிப்ரவரி, மார்ச்சில். இரண்டும் புயல் பருவத்தின் நட்ட நடுவில். நாம் காவடி கட்டிப் புறப்படுவதே ஆற்றங்கரையிலிருந்துதான், குழந்தைகளும் வயதானவர்களும் தண்ணீரில் இறங்கி நிற்பார்கள். அங்கே வெயில் அடிக்கும், மேலே மலையில் மழை கொட்டிக்கொண்டிருக்கும். மற்ற நாள் அந்தக் கரையில் பத்து பேர் கூட இருக்க மாட்டார்கள், அன்று காலையில் மட்டும் ஆயிரம் பேர்.

எங்கள் கோயிலில் இப்போது காவடி அன்று இரண்டு இளைஞர்களை ஆற்றின் மேல் பக்கம் பாலத்தில் நிறுத்துகிறோம், கையில் போனோடு. தண்ணீர் கலங்கினாலோ கிளை, சருகு அதிகமாக வந்தாலோ உடனே கீழே கூப்பிட வேண்டும், பூசை எந்தக் கட்டத்தில் இருந்தாலும் எல்லாரும் கரையேறிவிட வேண்டும் என்று குருக்களிடமும் பேசி வைத்திருக்கிறோம்.