இரவில் அதிகம் சாப்பிடுகிறீர்களா? காரணத்தைப் பகலில் தேடுங்கள்

காலையில் வெறும் காபி, மதியம் அரை வயிறு. இரவு பத்து மணிக்கு ஒரு பிஸ்கட்டில் ஆரம்பித்து பாக்கெட்டே காலி. "எனக்கு மனக்கட்டுப்பாடே இல்லை" என்று தலைகுனிந்து சொல்கிறவர்களை ஆலோசனை அறையில் தொடர்ந்து பார்க்கிறோம். இவர்களில் பெரும்பாலோருக்குக் குறை மனதில் இல்லை. பகல் முழுக்கப் பட்டினி கிடந்த உடம்பு, இரவில் தன் கணக்கைத் தீர்த்துக்கொள்கிறது.

1944 நவம்பரில் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் என்ற உடலியல் ஆய்வாளர் தொடங்கிய ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. ஆரோக்கியமான 36 இளைஞர்களுக்கு ஆறு மாதம் நாளொன்றுக்குச் சுமார் 1,570 கலோரி மட்டுமே கொடுத்தார்கள். எடையில் கால் பங்கு குறைந்தது. அதைவிட முக்கியம், மனதில் நடந்த மாற்றம். எந்நேரமும் சாப்பாட்டு நினைப்பு, எரிச்சல், சோர்வு. சிலர் சமையல் புத்தகங்களைச் சேர்த்து வைத்துப் படித்தார்கள். கட்டுப்பாடு நீங்கிய பிறகும் சிலரால் சாப்பிடுவதை நிறுத்த முடியவில்லை. இன்றைய டயட் அட்டவணைகள் பல இதைவிடக் குறைந்த கலோரியைச் சாதாரணமாகச் சொல்கின்றன என்பது கவலைக்குரியது.

பட்டினி உடம்பில் வேலை செய்கிறது என்றால், தடை மனதில் வேலை செய்கிறது. 1975இல் வெளியான ஒரு பரிசோதனையில் முதலில் மில்க்‌ ஷேக் கொடுத்து, பிறகு ஐஸ்கிரீமைச் சுவைத்துப் பார்க்கச் சொன்னார்கள். டயட் எண்ணம் இல்லாதவர்கள் மில்க்‌ ஷேக் குடித்ததால் ஐஸ்கிரீமைக் குறைத்துக்கொண்டார்கள். எப்போதும் அளவு பார்த்துச் சாப்பிடுகிறவர்களோ கூடுதலாகச் சாப்பிட்டார்கள். "இன்றைய டயட்தான் கெட்டுப்போச்சே, இனி நாளைக்குப் பார்த்துக்கலாம்" என்கிற அந்த எண்ணம்தான் ஒரு துண்டை ஒரு பெட்டியாக்குகிறது. குழந்தைகளிடமும் இதே கதை: பூட்டி வைத்த இனிப்பின் மேல்தான் ஆசை ஏறும். "காயைச் சாப்பிட்டால் சாக்லேட்" என்று பேரம் பேசினால், காய் தண்டனை, சாக்லேட் பரிசு என்று பதிந்துவிடும்.

என்ன செய்யலாம்? முதலில் இடைவெளியைச் சரிசெய்யுங்கள். விழித்திருக்கும் நேரத்தில் மூன்று, நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை ஏதாவது சாப்பிடுங்கள். அதில் புரதமும் நார்ச்சத்தும் இருக்கட்டும். இன்சுலின் போட்டுக்கொள்கிறவர்கள் மருத்துவரைக் கேட்காமல் நேரத்தை மாற்றக் கூடாது.

அடுத்து, பசிக்கு 0 முதல் 10 வரை மதிப்பெண் போட்டுப் பழகுங்கள். 0 என்றால் தலைசுற்றும் பசி, 10 என்றால் மூச்சு முட்டும் வயிறு. 3இல் தொடங்கி 7இல் நிறுத்தலாம். 1 வரை விட்டுவிட்டால் வேகமாக அள்ளிப் போட்டுக்கொள்வோம். போதும் என்ற செய்தி குடலிலிருந்து மூளைக்குச் சேரச் சுமார் 20 நிமிடம் ஆகும்; அதற்குள் 9 வந்துவிடும்.

ஒரு வாரம் குறித்து வையுங்கள்: நேரம், பசி மதிப்பெண், அப்போதைய மனநிலை. கலோரி எழுத வேண்டாம், எழுதினால் அது இன்னொரு டயட்டாகிவிடும். மதிப்பெண் 6இல் இருந்தும் கை தின்பண்டத்துக்குப் போனால் எதிரே என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். சலிப்பா, தனிமையா, வாக்குவாதமா? மனம் சோர்ந்தபோது எப்போதாவது சாப்பிடுவது நோயல்ல. சாப்பாட்டைத் தவிர வேறு ஆறுதலே இல்லை என்ற நிலைதான் பிரச்சினை.

பசியே தெரியவில்லை என்று சிலர் சொல்வார்கள். நெடுநாள் டயட்டில் இருந்தவர்களுக்கு இது சகஜம். அவர்கள் முதல் சில வாரங்கள் கடிகாரத்தைப் பார்த்துச் சாப்பிட வேண்டும். பசி உணர்வு மெல்லத் திரும்பும்.

இவை எல்லாருக்கும் போதாது. குறுகிய நேரத்தில் கட்டுக்கடங்காமல் பெருமளவு சாப்பிடுவது வாரம் ஒருமுறையாவது மூன்று மாதம் நீடித்தால், அது மிகையுண்ணல் கோளாறாக இருக்கலாம். சாப்பிட்டதை வாந்தியெடுத்து வெளியேற்றுவது, பேதி மாத்திரை போடுவது, எடை வேகமாகக் குறைவது, மாதவிடாய் நின்றுபோவது ஆகியவற்றில் ஒன்று தென்பட்டாலும் மூன்று மாதம் காத்திருக்காதீர்கள். உடனே மனநல மருத்துவரைப் பாருங்கள். வாந்தி தொடர்ந்தால் ரத்தத்தில் பொட்டாசியம் குறைந்து இதயத் துடிப்பு தடுமாறும். அந்த ரத்தப் பரிசோதனையையும் கேட்டு எடுத்துக்கொள்ளுங்கள்.