பள்ளியில் பிள்ளைக்கு அடிபட்டால்: இழப்பீடு கேட்பது எப்படி?

ஐப்பசி, கார்த்திகை மழையில் நம் டெல்டாப் பக்கம் பழைய பள்ளிக் கட்டடங்களின் சன்ஷேடு ஊறிப் பெயர்ந்து விழுகிறது. துருப்பிடித்த இரும்பு கேட் சாய்கிறது. பிள்ளைக்கு அடிபட்டுவிட்டால், ஆஸ்பத்திரிச் செலவைப் பள்ளி கொடுத்தாலே பெரிய விஷயம் என்று பல பெற்றோர் ஒதுங்கிவிடுகிறார்கள். பள்ளியின் கவனக்குறைவால் காயம் என்றால், அந்தப் பிள்ளைக்குச் சேர வேண்டியது ஆஸ்பத்திரி பில்லோடு முடிவதில்லை. வலிக்கும் வேதனைக்கும், பின்னால் வரப்போகும் சிகிச்சைக்கும், நிரந்தர ஊனம் இருந்தால் அதற்கும் சேர்த்து இழப்பீடு கேட்கலாம்.

விழுந்து முழங்கால் சிராய்த்ததெல்லாம் வழக்காகாது. ஆபத்து இருப்பது பள்ளிக்குத் தெரிந்திருந்ததா அல்லது தெரிந்திருக்க வேண்டியதா, தடுக்க வழி இருந்தும் விட்டுவிட்டார்களா, அதனால்தான் காயம் பட்டதா என்று நீதிமன்றம் பார்க்கும். இடைவேளையில் ஓடும்போது இரண்டு பையன்கள் முட்டிக்கொண்டால் பள்ளியைக் குற்றம் சொல்வது கடினம். கேட் ஆடுகிறது என்று பெற்றோர் கூட்டத்தில் சொல்லியும் சரிசெய்யாமல் விட்டு, அது ஒரு பிள்ளையின் மேல் விழுந்தால் அது கவனக்குறைவுதான்.

அடிபட்ட முதல் சில நாட்கள்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கின்றன. அரசு மருத்துவமனை அவசரப் பிரிவில் டியூட்டி டாக்டர் விபத்துப் பதிவேட்டில், அதாவது ஏ.ஆரில், எப்படி அடிபட்டது என்று ஒரு வரி எழுதுவார். பெரும்பாலும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு முதலில் வருவது ஆசிரியர்தான். 'விளையாடும்போது தவறி விழுந்தான்' என்று அவர் சொன்னால் அதுவே பதிவாகிவிடும்; பிறகு வழக்கில் எதிர்த்தரப்பு அந்த வரியைத்தான் பிடித்துக்கொள்ளும். அதனால் போனதும் என்ன எழுதியிருக்கிறது என்று கேளுங்கள். பிள்ளை சொல்வது வேறு என்றால் அதையும் பதியச் சொல்லுங்கள். காவல் நிலையத்தில் புகார் கொடுத்து, புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்குங்கள். விழுந்த இடத்தைப் பூசி மெழுகுவதற்கு முன் போட்டோ எடுத்துவிடுங்கள். டிஸ்சார்ஜ் சம்மரி, மருந்துக்கடை பில் எதையும் தூக்கிப் போட வேண்டாம்.

அப்புறம் ஒரு தாள் வரும். 'செலவைப் பெற்றுக்கொண்டோம், இனி எந்தக் கோரிக்கையும் இல்லை' என்று எழுதி, பெற்றோரிடம் கையெழுத்துக் கேட்பார்கள். அவசரப்பட்டுப் போடாதீர்கள். அந்தக் கையெழுத்தால் பிள்ளையின் உரிமை தானாக முடிந்துவிடாது என்றாலும், அதைத் தாண்டி வருவது பெரிய பாடு. வழக்கு நடக்கும்போது சமாதானம் பேசினாலும், மைனர் சார்பில் செய்யும் சமரசத்துக்கு நீதிமன்ற அனுமதி வேண்டும். பிள்ளையின் நலனைக் காக்க வைத்த விதி அது.

கால வரம்பில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். சிவில் வழக்குக்குப் பொதுவாக 3 ஆண்டு. ஆனால் காயம்பட்டவர் மைனர் என்றால் அவருக்கு 18 வயது முடிந்த பிறகுதான் அந்தக் கணக்கு ஓடத் தொடங்கும். அதாவது 21 வயது வரை வழக்குப் போடலாம். அதற்கு முன்னாலும் பெற்றோர் பிள்ளையின் சார்பில் போடலாம், அதுதான் நல்லது. சாட்சிகள் ஊர் மாறிவிடுவார்கள், கட்டடத்தை இடித்துவிடுவார்கள். பிள்ளை இறந்துபோயிருந்தால் பெற்றோர் இழப்பீடு கேட்க 2 ஆண்டுதான். பள்ளி வேன் விபத்து என்றால் மோட்டார் வாகன விபத்துத் தீர்ப்பாயத்துக்குப் போக வேண்டும். அங்கே 6 மாதத்துக்குள் மனு கொடுக்கச் சட்டம் சொல்கிறது.

பள்ளி பாதுகாப்பாக இல்லை என்று எப்படி நிரூபிப்பது? தனியார் பள்ளி அங்கீகாரத்துக்குக் கட்டட உரிமம், கட்டட உறுதிச் சான்று, தீயணைப்புத் துறைச் சான்று, சுகாதாரச் சான்று கேட்கப்படுகின்றன. இவற்றின் நகலைத் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தோடு மாவட்டக் கல்வி அலுவலகத்தில் கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். சான்று காலாவதியாகியிருந்தால் வழக்குக்கு அது பெரிய பலம். இந்தச் சான்றுகளை வெறும் சடங்காகக் கும்பகோணத்துக்காரர்கள் யாரும் நினைக்க மாட்டார்கள். 2004 ஜூலை 16 அன்று அங்கே ஒரு பள்ளியின் கீற்றுக் கொட்டகை வகுப்பறையில் பற்றிய தீயில் 94 குழந்தைகள் போனார்கள். தஞ்சாவூர் நீதிமன்றத் தீர்ப்பு 2014 ஜூலையில்தான் வந்தது. அந்தத் தீ விபத்தை அடுத்துத் தொடரப்பட்ட அவினாஷ் மெஹ்ரோத்ரா வழக்கில், கல்வி உரிமைக்குள் பாதுகாப்பான பள்ளியில் படிக்கும் உரிமையும் அடங்கும் என்று 2009இல் உச்ச நீதிமன்றம் சொன்னது.

கட்டணம் வாங்கும் பள்ளி என்றால் நுகர்வோர் ஆணையம் இன்னொரு வழி. வரம்பு 2 ஆண்டு. கல்வி நிறுவனங்கள் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வருமா என்பதில் தீர்ப்புகள் ஒத்துப்போகவில்லை. ஆனாலும் பள்ளிச் சுற்றுலாவில் மூளைக்காய்ச்சல் வந்து, தக்க நேரத்தில் கவனிக்கப்படாத பெங்களூரு மாணவிக்கு 88 லட்சத்துக்கு மேல் இழப்பீட்டை 2021இல் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. நுகர்வோர் வழக்காகத் தொடங்கியதுதான் அது.

அரசுப் பள்ளி, அரசு உதவிபெறும் பள்ளி மாணவர்களுக்கு அரசின் விபத்து நிவாரணத் தொகை உண்டு. தலைமையாசிரியரிடம் விண்ணப்பம் கொடுங்கள். அரசின் மேல் சிவில் வழக்கு என்றால் முதலில் 2 மாத நோட்டீஸ் அனுப்ப வேண்டும். அரசு தன் கடமையில் தவறியதற்காக உயர் நீதிமன்றத்தில் நேரடியாக ரிட் மனுவும் போடலாம்: தஞ்சாவூர், திருச்சி மாவட்டத்தார் மதுரைக் கிளைக்கு, திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறைக்காரர்கள் சென்னைக்கு.

வக்கீல் பீஸுக்கு எங்கே போவது என்று தயங்குகிறவர்களுக்காக இதைச் சொல்கிறேன். சட்டப்பணிகள் ஆணையச் சட்டம், 1987இன்படி குழந்தைகளுக்கும் பெண்களுக்கும் வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு. மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் சட்டப்பணிகள் ஆணைக்குழுவிலோ தாலுகா அளவில் உள்ள வட்டக் குழுவிலோ மனு கொடுக்கலாம். 15100 என்ற எண்ணுக்கு போன் செய்தாலும் வழி சொல்வார்கள். ஏ.ஆர். நகல், சி.எஸ்.ஆர். ரசீது, பில்கள், பிள்ளையின் பிறப்புச் சான்று எல்லாவற்றையும் கையோடு எடுத்துப் போங்கள்.