வரிப் பகிர்வு: எந்தப் பணத்தில் 41 சதவீதம்?

2021 பிப்ரவரியில் ஒரு லிட்டர் பெட்ரோல் மீது ஒன்றிய அரசு போட்ட வரி மட்டும் 32 ரூபாய் 90 காசு. மாநிலங்களின் வாட் வரி இதில் சேராது. அந்த 32.90 ரூபாயில் மாநிலங்களோடு பங்கு பிரிக்க வேண்டிய தொகை 1 ரூபாய் 40 காசு. மீதி 31.50 ரூபாயில் எந்த மாநிலத்துக்கும் பங்கு கிடையாது. காரணம், 1.40 ரூபாய்தான் அடிப்படைக் கலால் வரி. மற்றதெல்லாம் சாலைக்கான செஸ், வேளாண் கட்டமைப்புக்கான செஸ், சிறப்புக் கூடுதல் கலால் வரி.

ஒன்றிய அரசு வசூலிக்கும் வரியில் 41 சதவீதம் மாநிலங்களுக்குப் போகிறது என்று செய்திகளில் படிக்கிறோம். அது பொய்யில்லை. ஆனால் எந்தப் பணத்தில் 41 என்ற கேள்வியைக் கேட்காமல் அந்த எண்ணைப் படித்துப் பயனில்லை.

முதலில், ஏன் பங்கு பிரிக்க வேண்டும்? வருமான வரி, கம்பெனி வரி, சுங்க வரி என்று பொருளாதாரம் வளர வளரத் தானே பெருகும் வரிகளை அரசமைப்புச் சட்டம் ஒன்றியத்திடம் கொடுத்தது. மாநிலங்களிடம் இருப்பது பத்திரப்பதிவுக் கட்டணம், வாகன வரி, நிலவரி, மது மீதான வரி, பெட்ரோல் டீசல் மீதான வாட் போன்றவை. ஆனால் மருத்துவமனை, காவல், விவசாயம், குடிநீர் எல்லாம் மாநிலத்தின் பொறுப்பு. வரவு ஒரு வீட்டிலும் செலவு இன்னொரு வீட்டிலும் இருக்கும் என்பது சட்டத்தை எழுதியவர்களுக்கே தெரிந்திருந்தது. அதனால்தான் 280ஆவது பிரிவில் நிதிக்குழு என்ற அமைப்பை வைத்தார்கள். ஒரு தலைவர், நான்கு உறுப்பினர்கள். ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை குடியரசுத் தலைவர் அமைப்பார். முதல் குழு கே.சி. நியோகி தலைமையில் 1951இல் வந்தது. 2026 ஏப்ரல் முதல் 2031 மார்ச் வரையிலான காலத்துக்கு அரவிந்த் பனகாரியா தலைமையிலான 16ஆவது குழு.

நிதிக்குழு இரண்டு விஷயங்களைச் சொல்லும். பொதுப் பணத்தில் எல்லா மாநிலங்களுக்கும் சேர்த்து எவ்வளவு என்பது ஒன்று. அந்தத் தொகையை மாநிலங்களுக்குள் எப்படிப் பிரிப்பது என்பது மற்றொன்று. சண்டை பெரும்பாலும் இரண்டாவதைப் பற்றித்தான் நடக்கிறது. என்னைக் கேட்டால், முதலாவதில்தான் அதிகப் பணம் நழுவுகிறது.

விஜய் கேல்கர் தலைமையிலான 13ஆவது குழு 32 சதவீதம் என்றது. ஒய்.வி. ரெட்டியின் 14ஆவது குழு அதை ஒரே தாவலில் 42 ஆக்கியது. என்.கே. சிங்கின் 15ஆவது குழு 41 என்று வைத்தது. ஜம்மு காஷ்மீர் மாநிலத் தகுதியை இழந்து ஒன்றியப் பகுதியானதால் ஒன்று குறைந்தது. தமிழ்நாடு உட்படப் பல மாநிலங்கள் 16ஆவது குழுவிடம் 50 கேட்டன.

இந்தச் சதவீதம் எதன் மீது? பகிர்வுக்குரிய வரித் தொகுப்பு என்று ஒன்று உண்டு. 2000ஆம் ஆண்டுக்கு முன் வருமான வரியும் ஒன்றியக் கலால் வரியும் மட்டுமே பங்குக்கு வரும்; கம்பெனி வரியும் சுங்க வரியும் வராது. 10ஆவது நிதிக்குழுவின் யோசனையை ஏற்று 80ஆவது அரசமைப்புத் திருத்தம் ஒன்றியத்தின் எல்லா வரிகளையும் ஒரே பானையில் போட்டது. மாநிலங்களுக்கு அது நல்ல வெற்றி. ஆனால் அதே திருத்தத்தில் இரண்டு விதிவிலக்குகள் இருந்தன: செஸ், சர்சார்ஜ். குறிப்பிட்ட ஒரு காரியத்துக்கென்று வசூலிப்பது செஸ். வரியின் மேல் வரி சர்சார்ஜ். ஆண்டு வருமானம் 50 லட்சம் ரூபாயைத் தாண்டினால் வருமான வரியோடு சேர்ந்து வருமே, அது. இரண்டுமே பானைக்குள் போகாது.

இனி ஒரு நிதியமைச்சரின் நாற்காலியில் உட்கார்ந்து யோசித்துப் பாருங்கள். அடிப்படை வரியை ஒரு ரூபாய் உயர்த்தினால் 41 காசு கையை விட்டுப் போகும். அதே ஒரு ரூபாயை செஸ் என்று போட்டால் முழுதும் கையில் நிற்கும். யார் அந்த நாற்காலியில் இருந்தாலும் கை எந்தப் பக்கம் போகும் என்று சொல்லத் தேவையில்லை. ஒன்றியத்தின் மொத்த வரி வருவாயில் செஸ், சர்சார்ஜ் பங்கு 2011-12இல் சுமார் 10 சதவீதம். 2020-21இல் சுமார் 20 சதவீதம். மாநிலங்களின் பங்கை 42 ஆக உயர்த்திய பிறகு இந்த வேகம் கூடியதைத் தற்செயல் என்று நான் நினைக்கவில்லை.

சரி, செஸ் பணமாவது சொன்ன காரியத்துக்குப் போகிறதா? 2018-19இல் 35 வகை செஸ் மூலம் சுமார் 2.75 லட்சம் கோடி ரூபாய் வந்ததாகவும், அதில் 1.64 லட்சம் கோடி மட்டுமே அதற்கான நிதிக் கணக்குகளுக்கு மாற்றப்பட்டதாகவும் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் அறிக்கை கொடுத்தார்.

மாநிலங்களுக்குள் 2021 முதல் 2026 மார்ச் வரை பிரித்தது இப்படி. 15ஆவது குழுவின் சூத்திரத்தில் 45 சதவீத எடை வருமான இடைவெளிக்கு, அதாவது ஏழை மாநிலத்துக்கு அதிகம். 2011 மக்கள்தொகைக்கு 15, பரப்பளவுக்கு 15, மக்கள்தொகைக் கட்டுப்பாட்டுக்கு 12.5, காடு மற்றும் சூழலுக்கு 10, வரி வசூல் முயற்சிக்கு 2.5. இந்தக் கணக்கில் உத்தரப் பிரதேசத்துக்கு 17.939 சதவீதம், பீகாருக்கு 10.058, தமிழ்நாட்டுக்கு 4.079, கர்நாடகத்துக்கு 3.647, கேரளத்துக்கு 1.925 வந்தது. நீண்ட காலம் 1971 மக்கள்தொகையை வைத்தே பிரித்தார்கள். 2011க்கு மாறியதும், குடும்பக் கட்டுப்பாட்டை ஒழுங்காகச் செய்த மாநிலங்கள் அதற்கே தண்டனையா என்று கேட்டன. அந்த 12.5 வந்தது அதற்கான ஈடாகத்தான்.

‘நாம் ஒரு ரூபாய் கொடுத்தால் 29 காசுதான் திரும்பி வருகிறது’ என்று தமிழ்நாட்டு மேடைகளில் கேட்டிருப்பீர்கள். இதை எச்சரிக்கையோடு பயன்படுத்துவது நல்லது. கம்பெனி வரி, தலைமை அலுவலகம் எங்கே பதிவாகியிருக்கிறதோ அந்த ஊர்க் கணக்கில் ஏறும். தொழிற்சாலை ஒடிசாவிலும் வாடிக்கையாளர்கள் நாடு முழுவதும் இருந்தாலும் வரி மும்பையிலோ சென்னையிலோ கட்டப்படலாம். பணக்கார மாநிலத்திலிருந்து ஏழை மாநிலத்துக்குக் கொஞ்சம் பணம் போவதும் ஒரே நாடாக இருப்பதன் பகுதியே. எவ்வளவு என்பதுதான் வாதம். செஸ் விஷயத்தில் அந்த வாதமும் இல்லை: அங்கே பீகாருக்கும் நட்டம், தமிழ்நாட்டுக்கும் நட்டம்.

பகிர்வுப் பணத்தின் பெரிய குணம், அதற்கு நிபந்தனை கிடையாது. தவணை தவணையாக மாநிலக் கணக்குக்கு வரும். பள்ளிக்கூடம் கட்டலாம், சம்பளம் போடலாம். ஒன்றிய நிதியுதவித் திட்டங்களின் பணம் அப்படியல்ல. பெரும்பாலும் 60க்கு 40 என்ற விகிதம். வடகிழக்கு, இமயமலை மாநிலங்களுக்கு 90க்கு 10. விதிகளை டெல்லி எழுதும், தன் 40 சதவீதத்தை மாநிலம் போட வேண்டும், விதியை ஏற்காவிட்டால் பணம் நிற்கும். பிஎம் ஸ்ரீ பள்ளித் திட்டத்துக்கு உடன்படாத தமிழ்நாட்டுக்கு 2024-25இல் சமக்ர சிக்‌ஷா கல்வி நிதி நிறுத்தப்பட்டு, விவகாரம் உச்ச நீதிமன்றம் வரை போனது நினைவிருக்கும். பகிர்வு உரிமை, இது கையேந்தல். செஸ் பெருகப் பெருக முதல் வகை சுருங்கி இரண்டாவது வகை வளர்கிறது.

ஜிஎஸ்டியில் ஒரு குழப்பம் பரவலாக உண்டு. பில்லில் சிஜிஎஸ்டி, எஸ்ஜிஎஸ்டி என்று சரிபாதியாக இருக்கும். எஸ்ஜிஎஸ்டி நேரே மாநிலத்துக்கு. சிஜிஎஸ்டி பானைக்குள் போய், அதிலிருந்து 41 சதவீதம் மாநிலங்களுக்கு. ஆக ஜிஎஸ்டி முழுவதையும் டெல்லி எடுத்துக்கொள்வதாகச் சொல்வது தவறு. மாநிலங்கள் இழந்தது வரி விகிதத்தைத் தாமே தீர்மானிக்கும் அதிகாரத்தை. இப்போது அதைப் பரிந்துரைப்பது ஒன்றிய, மாநில அமைச்சர்கள் அடங்கிய ஜிஎஸ்டி கவுன்சில். அங்கே ஒன்றியத்தின் வாக்குக்கு மூன்றில் ஒரு பங்கு எடை. தீர்மானம் நிறைவேற நான்கில் மூன்று பங்கு வேண்டும். எல்லா மாநிலங்களும் ஒன்று சேர்ந்தாலும் ஒன்றியம் இல்லாமல் எதுவும் நகராது. கவுன்சிலின் பரிந்துரைகள் யாரையும் கட்டுப்படுத்தாது என்று 2022 மே மாதம் உச்ச நீதிமன்றம் சொன்னது, ஆனால் நடைமுறை பெரிதாக மாறவில்லை.

நீங்களே கணக்குப் போட்டுப் பார்க்க வழி உண்டு. ஒன்றிய பட்ஜெட்டில் ‘மொத்த வரி வருவாய்’ என்றும், அதிலிருந்து கழிக்கப்படும் ‘மாநிலங்களின் பங்கு’ என்றும் இரண்டு தொகைகள் இருக்கும். இரண்டாவதை முதலாவதால் வகுத்தால் போதும். 2023-24இல் மொத்த வரி வருவாய் 34.65 லட்சம் கோடி ரூபாய். மாநிலங்களுக்குப் போனது 11.29 லட்சம் கோடி. விடை 32.6 சதவீதம். மாநிலங்களுக்காகவே வசூலான ஜிஎஸ்டி இழப்பீட்டு செஸ்ஸை மொத்தத்திலிருந்து நீக்கிப் பார்த்தாலும் 34ஐ ஒட்டித்தான் நிற்கும்.